அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?

2024 செப்டம்பர் 11, புதன்கிழமை. காலை ஆறரை மணிக்கு எங்கள் வளவனூர் வீட்டில் மூன்று தலைமுறைப் பெண்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் டிவி ஓடுவது வழக்கமில்லை. பால் காய்ச்ச வேண்டும், சோறு வடிக்க வேண்டும், எட்டு மணிக்குள் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப வேண்டும். அன்றைக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு போட்டிருந்தேன். தனியார் பள்ளியில் இருபது வருடமாக ஆங்கிலம் நடத்துகிறேன். இப்படி ஒரு காரணத்துக்காக லீவு போட்டது அதுதான் முதல் தடவை.

புதுச்சேரியில் கல்லூரிக்குப் போகும் என் மகள் தன் போனை டிவியோடு இணைத்துவிட்டிருந்தாள். அமெரிக்காவில் அது முந்தைய நாள் இரவு ஒன்பது மணி. பிலடெல்பியா நகரத்தில் அரசியலமைப்பு மையம் என்ற கட்டடத்தில், பார்வையாளர்களே இல்லாத அரங்கில், கமலா ஹாரிஸும் டொனால்டு டிரம்ப்பும் அதிபர் தேர்தல் விவாதத்துக்கு வந்து நின்றார்கள். ஏபிசி தொலைக்காட்சியின் டேவிட் மியூரும் லின்சி டேவிஸும் கேள்வி கேட்க உட்கார்ந்திருந்தார்கள். அம்மா முறத்தில் முருங்கைக்கீரையைக் கொட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு 74 வயது. ஆங்கிலம் தெரியாது. அதனால் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை என்னுடையதாயிற்று.

நான் யார் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த நாட்டில் ஓட்டு இல்லை. ஆனாலும் ஓட்டு இருப்பவளைப்போலத்தான் உட்கார்ந்திருந்தேன். கமலாவின் அம்மா சியாமளா கோபாலன் 1938இல் சென்னையில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் தனியாக அமெரிக்காவுக்குப் படிக்கப் போய், மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியாளராக ஆனவர். தாத்தாவின் ஊர் மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரம். அந்த ஊர்க் கோயிலில் கமலாவின் பெயர் கல்லில் பொறித்திருக்கிறது. 2020இல் துணை அதிபர் வேட்பாளராக ஏற்றுக்கொண்டு பேசியபோது தன் குடும்பத்தை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் ‘சித்தி’கள் என்று தமிழிலேயே சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஸ்டாஃப் ரூமில் அதைச் சொன்னபோது உடன் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியை கேட்டார்: “டீச்சர், அந்தச் சித்திங்க வீட்டு அடுப்படிக்கு எங்க பாட்டிய விட்டிருப்பாங்களா?” நான் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினேன். நம்ம பொண்ணு என்கிறோமே, அந்த நம்மில் யார் யார் இருக்கிறோம் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு நியாயமான கேள்விதான் நமக்கு முதல் எதிரி.

விவாதம் தொடங்கியதும் கமலா தன் மேசையைத் தாண்டி நடந்துபோய், டிரம்ப் நின்ற இடத்திலேயே கை நீட்டித் தன் பெயரைச் சொன்னார். அதற்கு முன் அவர்கள் இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை.

“பேரச் சொல்லி கை குடுக்கிறாங்கம்மா” என்றேன்.

“ஏன், அவனுக்கு இவ பேரு தெரியாதா?”

“அவரு பேரைத் தப்புத்தப்பாச் சொல்றவரு. அதுக்குத்தான்.”

“நல்லா செஞ்சா” என்று அம்மா ஒரு கொத்துக் கீரையை உருவினார்.

முதல் கேள்வி வந்தது. நான்கு வருடத்துக்கு முன் இருந்ததைவிட இப்போது மக்களின் பொருளாதார நிலை மேலாக இருக்கிறது என்று நினைக்கிறீர்களா? கமலா பேசத் தொடங்கினார். “ஜனங்க நல்லாத்தான் இருக்காங்க, இன்னும் நல்லா ஆக்குவோம்னு சொல்றாங்க” என்று நானும் சொல்லிக்கொண்டே போனேன்.

என் மகள் திரும்பிப் பார்த்தாள். “அம்மா, அவங்க அப்படிச் சொல்லலையே. நான் நடுத்தரக் குடும்பத்துல வளர்ந்தவ, எங்கிட்ட ஒரு திட்டம் இருக்குன்னுதான் சொல்றாங்க.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“அது எப்படி ஒண்ணாகும்?” என்றார் அம்மா. “முன்னைக்கு இப்ப தேவலையான்னு கேட்டாங்கன்னு சொன்ன. தேவலைன்னு சொல்லுதா, இல்லைன்னு சொல்லுதா?”

“வருது, இரும்மா.”

அது கடைசிவரை வரவேயில்லை. ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் அந்தக் கேள்வியைக் கமலா தாண்டிப் போய்விட்டார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இப்படி விடை எழுதினால் சிவப்பு மையால் ‘கேள்விக்குரிய விடை இல்லை’ என்று எழுதுகிறவள் நான். அன்றைக்கு அதை நான் கவனிக்கவேயில்லை. அதைவிட மோசம், அவர் சொல்லாத பதிலை நானாகச் சேர்த்து அம்மாவுக்குக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு என் மொழிபெயர்ப்பை நானே வேவு பார்க்கத் தொடங்கினேன். இருந்தும் நிறுத்த முடியவில்லை. கமலா பேசும்போது என் தமிழ் மேடைத் தமிழாக நிமிர்ந்துவிடும். டிரம்ப் பேசும்போது அதுவே மூக்கால் பேசும். கமலாவுக்கு ‘சொல்றாங்க’, டிரம்ப்புக்கு ‘உளறுறான்’. காஸாவைப் பற்றிக் கேட்டார்கள். கமலா இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னார்: அப்பாவிப் பாலஸ்தீனியர்கள் ஏராளமானோர் கொல்லப்பட்டிருக்கிறார்கள், போர் நிற்க வேண்டும் என்றார். இஸ்ரேலுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு, அதற்கான வலுவை எப்போதும் தருவேன் என்றும் சொன்னார். அம்மாவுக்கு நான் முதல் பாதியை மட்டும் சொன்னேன். இரண்டாம் பாதி எனக்கே பிடிக்கவில்லை. பிடிக்காததை எதற்காக அம்மாவிடம் சொல்ல வேண்டும்?

அதன் பலன் கைமேல் கிடைத்தது. டிரம்ப், ஒஹையோ மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் உள்ளூர்க்காரர்களின் நாய்களையும் பூனைகளையும் தின்கிறார்கள் என்றார். நான் அதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே சொன்னேன். அம்மா சிரித்துவிட்டார்.

“சும்மா இருடி. நீயா கூட்டிச் சொல்ற.”

“சத்தியமாம்மா. அப்படித்தான் சொன்னான்.”

அம்மா என்னை விட்டுவிட்டுப் பேத்தியைப் பார்த்தார். “நெசமா?”

“நெசந்தான் ஆயா. டிவிக்காரரே அப்படி எதுவும் நடக்கலைன்னு ஊர் நிர்வாகி சொல்லிட்டாருன்னு மறுத்துச் சொல்றாரு.”

அன்று காலை நான் செய்த மொழிபெயர்ப்புகளிலேயே துல்லியமானது அதுதான். அதைத்தான் என் வீட்டில் யாரும் நம்பவில்லை. எதிர்ப் பக்கத்தின் பொய்யை அம்பலப்படுத்த எனக்கு அவசியம் வந்தபோது, என் வார்த்தைக்கு மதிப்பு போய்விட்டிருந்தது. அம்மா கீரைக்காம்பை ஒதுக்கிவிட்டு, “பொழைக்க வந்தவங்கள அப்படித்தான் பேசுவாங்க. நம்ம பக்கம் வடக்கத்திப் பசங்களப் பேசலையா?” என்றார். ஸ்டாஃப் ரூமில் அந்த மாதிரிப் பேச்சுக்கு நானும் சிரித்திருக்கிறேன். அது நினைவுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

ஒருவர் பேசும்போது மற்றவரின் மைக்கை அணைத்துவிடுவார்கள் என்று விதி. இதைச் சொன்னதும் அம்மாவுக்குப் பெரிய ஆச்சரியம். “இது தெரிஞ்சிருந்தா உங்க அப்பா இருந்தப்பவே ஒண்ணு வாங்கி மாட்டியிருப்பேனே” என்றார். மொழி தெரியாததால் அம்மா முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கமலா டிரம்ப்பின் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார், டிரம்ப்போ அவர் முகத்தைப் பார்ப்பதேயில்லை என்பதை எங்களில் முதலில் கண்டுபிடித்தவர் அம்மாதான். “பொண்டாட்டிகிட்ட சண்டை போட்டவன் செவுத்தப் பாத்துப் பேசற மாதிரியே பேசறான்” என்றார்.

கருக்கலைப்பு பற்றிய கேள்வி வந்தபோது மட்டும் எனக்கு எதையும் கூட்டவோ குறைக்கவோ தோன்றவில்லை. 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த உரிமையை அதே நீதிமன்றம் 2022 ஜூனில் எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு பல மாநிலங்கள் தடைச் சட்டம் கொண்டுவந்தன. கரு தானாகக் கலைந்து வரும் பெண்ணுக்கே வைத்தியம் பார்க்க மருத்துவமனைகள் பயப்படுகின்றன, ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்குமோ என்று டாக்டர்கள் அஞ்சுகிறார்கள், அவள் வெளியே காரில் ரத்தம் போக உட்கார்ந்திருக்கிறாள் என்று கமலா சொன்னார். நான் அப்படியே சொன்னேன். மகள் திருத்தவில்லை.

அம்மாவின் கை முறத்தில் அப்படியே நின்றது.

“வைக்கோல் மேல படுக்க வச்சு இட்டுக்கினு போனாங்க” என்றார்.

“யாரம்மா?”

“என்னைத்தான். உனக்கு முன்னாடி ஒண்ணு. நாலு மாசம். ராத்திரி பஸ் கெடையாது. வண்டி கட்டிக்கினு விழுப்புரம் போறதுக்குள்ள வைக்கோலெல்லாம் நனைஞ்சுபோச்சு. உங்க பாட்டி, வாயத் தொறக்காதடி, வண்டிக்காரன் காதுல விழுந்துடும்னா. நான் வாயத் தொறக்கல.”

எனக்கு 48 வயது. எனக்கு முன்னால் ஒன்று இருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பிலடெல்பியாவில் நிற்கும் ஒரு பெண் சொன்ன வாக்கியம் வளவனூரில் ஐம்பது வருடம் மூடியிருந்த வாயைத் திறந்தது. என் மகள் போய் ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். டிவியில் டிரம்ப் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் அதைக் கேட்கவில்லை. நம் நாட்டில் 1971இலிருந்து கருக்கலைப்புக்குச் சட்டம் இருக்கிறது. 2021இல் அதைத் திருத்தி, சில நிலைகளில் இருக்கும் பெண்களுக்கு 24 வாரம்வரை நீட்டித்தார்கள். மணமாகாத பெண்ணையும் அந்தச் சலுகையிலிருந்து ஒதுக்க முடியாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லாம் நல்லதுதான். வண்டிக்காரன் காதில் விழக்கூடாது என்ற சட்டத்தை மட்டும் எந்த நீதிமன்றமும் இன்னும் எடுக்கவில்லை.

எட்டேகால் வாக்கில் விவாதம் முடிந்தது. நான் பரவசத்தில் இருந்தேன். கமலா ஜெயித்துவிட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விவாதம் பார்த்தவர்களிடம் சிஎன்என் உடனே எடுத்த கருத்துக்கணிப்பிலும் 63 சதவீதம் பேர் அவர்தான் நன்றாகச் செய்தார் என்றார்கள், டிரம்ப் என்று சொன்னவர்கள் 37. அம்மாவிடம் எப்படி என்று கேட்டேன்.

“பொண்ணு நல்லாத்தான் பேசுச்சு. நீதான் சரியில்ல.”

“நான் என்னம்மா பண்ணேன்?”

“கட்சிக்காரன் மாதிரியே சொல்ற.”

அந்தச் சொல் என்னைச் சுட்டது. நான் கட்சிக்காரிதான். என் கட்சியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் உங்களில் பாதிப் பேர் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவீர்கள், மீதிப் பேர் இனி வரப்போவதை மன்னித்துவிடுவீர்கள். இரண்டுமே எனக்கு வேண்டாம். அப்பாவின் கட்சிதான் என் கட்சி. எட்டு வயதில் அவர் தோளில் உட்கார்ந்து பொதுக்கூட்டம் பார்த்தேன். 21 வயதில் உறுப்பினர் அட்டை வாங்கினேன். தேர்தல் நாளில் அப்பா அம்மாவின் கையில் பூத் சிலிப்பைக் கொடுத்து, எந்தச் சின்னம் என்று விரலால் காற்றில் வரைந்து காட்டுவார். அம்மா தலையாட்டிவிட்டுப் போய் வருவார். அப்பா இறந்த பிறகு ஒருநாள் கேட்டேன், “எப்பவும் அப்பா சொன்ன சின்னத்துக்குத்தான் போட்டியா?” அம்மா, “அந்த அட்டைக்குப் பின்னாடி யாரும் இல்ல, நான் மட்டுந்தான இருப்பேன்” என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

1989 மார்ச் 25 அன்று சட்டமன்றத்திலிருந்து ஜெயலலிதா கலைந்த தலையோடு வெளியே வந்தார். தன்னைத் தாக்கினார்கள் என்றார். அப்படி நடக்கவில்லை என்று எதிர்த்தரப்பு மறுத்தது. எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பா ஒரு கட்சி, மாமா ஒரு கட்சி. ராத்திரி பதினொரு மணிவரை சண்டை. எனக்குப் பதின்மூன்று வயது, அப்பா பக்கம் நின்று நானும் கத்தினேன். அம்மா சோறு போட வந்தவர், “என்ன நடந்துச்சுன்னு அந்தம்மாவத்தான கேக்கணும்? நீங்க ரெண்டு பேரும் அங்கயா இருந்தீங்க?” என்றார். இரண்டு பேரும் சேர்ந்து, “உனக்கு என்ன தெரியும், போ உள்ள” என்றார்கள். அந்த ஒரு விஷயத்தில் இரு கட்சிகளும் கூட்டணி.

அந்தப் பெண்ணையே கேள் என்ற இந்த எளிய வழக்கம் நம் ஜனநாயகத்துக்கு எவ்வளவு கஷ்டப்பட்டு வந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். 1951-52இல் முதல் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எடுத்தபோது, பெரும்பாலும் வட மாநிலங்களில், பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிவு செய்தார்கள். சொந்தப் பெயர் இல்லாத பதிவு செல்லாது என்று தேர்தல் ஆணையம் சொல்லி, ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பதிவுகளை நீக்கியது. 1960இல் கென்னடியும் நிக்சனும் மோதிய முதல் தொலைக்காட்சி விவாதம் நடந்தது. அதே வருடம் பக்கத்து இலங்கையில் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதல் பெண் பிரதமரானார். இவற்றையெல்லாம் வகுப்பில் சொல்லும் நான்தான் அடுத்து வரும் காரியத்தைச் செய்தேன்.

உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் தமிழ்நாடு சட்டம் செய்தது. 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊரில் அவள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஊர் பெயர் வேண்டாம். என் கட்சி அங்கே ஒரு பெண்ணை நிறுத்தியது. பன்னிரண்டாவது படித்தவர், முப்பது வயதிருக்கும். நான் பத்து நாள் அங்கேயே தங்கி வீடு வீடாகப் போய் அவருக்கு ஓட்டுக் கேட்டேன். ஜெயித்தார். மாலை போட்டபோது மாலை அவர் கழுத்தில் இருந்தது, நடுவில் நின்றவர் அவர் கணவர்.

ஒரு வருடம் கழித்து, தங்கை தெருவில் கழிவுநீர்க் கால்வாய் பாதியில் நின்று வீட்டு வாசலெல்லாம் சாக்கடை. ஏழெட்டுப் பெண்களோடு நானும் கவுன்சிலர் வீட்டுக்குப் போனேன். கட்சிக்காரி என்ற உரிமையோடு முன்னால் போனேன். கணவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ‘கவுன்சிலர்’ என்று எல்லோரும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். தங்கை விஷயத்தைச் சொன்னாள். உள்ளேயிருந்து கவுன்சிலர் வந்தார், கதவுப் பக்கம் நின்றார். “அக்கா, அந்த வேலைக்கு…” என்று என்னைப் பார்த்து ஆரம்பித்தார். கணவர் திரும்பாமலேயே, “வந்தவங்களுக்கு டீ போடு” என்றார். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். ஆமாம், அந்தச் சங்கடமான இடத்தை நிரப்பச் சிரித்தேன். அவர் உள்ளே போய் டீ போட்டார். டீ நன்றாக இருந்தது.

வெளியே வந்ததும், கூட வராத பெண்கள் தெருமுனையில் காத்திருந்தார்கள். “கவுன்சிலரம்மா என்ன சொன்னாங்க?” என்று கேட்டார்கள்.

“சீக்கிரம் முடிச்சுத் தரேன்னு சொன்னாங்க” என்றேன்.

அவர் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சொல்ல வந்தது என்ன என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நான் நிற்கவும் இல்லை. கட்சியின் பெயர் கெட்டுவிடக்கூடாது என்று, பேசவிடாத ஒரு பெண்ணின் வாயில் என் சொந்த வாக்கியத்தைத் திணித்தேன். என் தங்கை என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. இதுவே எதிர்க்கட்சிக் கவுன்சிலரின் வீடாக இருந்தால் அன்று மாலையே ஊர் முழுக்கச் சொல்லியிருப்பேன். பள்ளியில் பெண் உரிமை என்று கட்டுரை எழுத வைத்திருப்பேன்.

இதை நான் ஒன்றரை வருடம் நினைக்கவேயில்லை. பிலடெல்பியாவின் முதல் கேள்விக்குச் சொல்லாத பதிலைச் சொன்னதாகச் சொல்லி, அம்மா என்னைக் ‘கட்சிக்காரன்’ என்ற பிறகுதான் அந்தக் கதவுப் பக்கம் நின்ற முகம் வந்தது. இரண்டு இடத்திலும் நான் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறேன். என் பக்கத்துப் பெண் என்ன பேசினாலும், பேசாவிட்டாலும், எனக்கு வேண்டியதைப் பேசியதாக மாற்றினேன். பெண் ஜெயிக்க வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டேன். அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்கும் பொறுமைதான் இல்லை.

நம்மூரில் தலைவர்கள் எதிரெதிரே நின்று பதில் சொல்லும் வழக்கம் இல்லை. 2024 மே மாதம் முன்னாள் நீதிபதிகள் மதன் லோகூர், ஏ.பி. ஷா, பத்திரிகையாளர் என். ராம் ஆகியோர் மோடியையும் ராகுல் காந்தியையும் பொது விவாதத்துக்கு அழைத்துக் கடிதம் எழுதினார்கள். ராகுல் சம்மதித்தார். விவாதம் நடக்கவில்லை. நமக்குக் கிடைப்பது தினமும் இரவு ஒரு திரையில் ஆறு முகம் சேர்ந்து கத்துவதுதான். அதிலும் பல நாள் ஆறும் ஆண் முகம். ஆனால் அப்படி ஒரு மேடை நாளைக்கே வந்துவிட்டாலும், என்னைப்போல் கேட்பவர்கள் இருந்தால் என்ன பிரயோஜனம்? மேடையில் நிற்பவர்களின் மைக்கை அணைத்து அணைத்துப் போட ஆள் வைக்கலாம். கேட்கிறவளின் காதுக்குள் இருக்கும் கட்சிக்காரனை யார் அணைப்பது?

நவம்பர் 6, புதன்கிழமைதான். மதியச் சாப்பாட்டு வேளையில் ஸ்டாஃப் ரூமில் போனைப் பார்த்தேன். டிரம்ப் ஜெயித்துவிட்டார். முழுக் கணக்கு வந்தபோது 312க்கு 226. டிபன் பாக்ஸைத் திறக்காமலே மூடினேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். “அன்னைக்கு அந்தப் பொண்ணு ஜெயிச்சிடுச்சுன்னு சொன்னியே?” என்றார். விவாதத்தில் ஜெயிப்பது வேறு, தேர்தலில் ஜெயிப்பது வேறு என்று விளக்கினேன். பெண் என்பதால் தோற்கடித்தார்கள் என்றேன். அதில் உண்மை இருக்கிறது என்று இப்போதும் நம்புகிறேன். அம்மா யோசித்துவிட்டு, “முன்னைக்கு இப்ப தேவலையான்னு கேட்டதுக்கு அது பதில் சொல்லலியேடி” என்றார். இரண்டு மாதமாக அந்தக் கேள்வியை அவர் மறக்கவில்லை. அதிலும் உண்மை இருக்கிறது. விலைவாசியைக் கேட்டவளுக்குப் பதில் சொல்லாததும், பெண் என்று ஒதுக்கியதும், இரண்டும் ஒரே தேர்தலில் இருக்க முடியும். கட்சிக்காரிக்கு ஒன்றுதான் கண்ணில் படும்.

பொங்கல் விடுமுறையில் தங்கை ஊருக்குப் போனேன். கவுன்சிலர் வீட்டுக்குத் தனியாகப் போனேன். கணவர் அதே நாற்காலியில் இருந்தார், “வாங்க டீச்சர்” என்றார், கால்வாய் வேலை பற்றி அவரே தொடங்கினார். நான், “இருங்க தம்பி, கவுன்சிலர்கிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றேன். என் குரல் நடுங்கியது. கட்சியில் எனக்குப் பெரிய இடம் எதுவும் இல்லை, இருப்பதும் போகலாம்.

கவுன்சிலர் வந்தார். “அன்னைக்கு நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க. நான் கேக்கல. என்ன சொல்ல வந்தீங்க?” என்றேன்.

அவர் கணவரைப் பார்த்தார். கணவர் போனைப் பார்த்தார். ரொம்ப நேரம் போல் இருந்தது.

“அந்த வேலைக்குப் பணம் வந்துருச்சுக்கா. வேற தெருவுக்கு மாத்திட்டாங்க. நான் கையெழுத்துப் போடமாட்டேன்னு சொன்னேன். போட வச்சாங்க.”

அவ்வளவுதான் சொன்னார். டீ வேண்டுமா என்று கேட்கவில்லை. கணவர் எழுந்து வெளியே போனார்.

தெருமுனையில் தங்கை நின்றிருந்தாள், கூட நான்கைந்து பெண்கள். “என்ன சொன்னாங்க?” என்று கேட்டார்கள். இப்போது அதைச் சொன்னால் என் கட்சிக்கு நல்லதில்லை. அவருக்கும் அந்த வீட்டுக்குள் அன்றைக்கு ராத்திரி என்ன ஆகும் என்று தெரியாது. நான் திரும்பி நடந்து, வாசலில் நின்றிருந்த அவரிடமே கேட்டேன்: “நீங்க சொன்னத இவங்ககிட்ட சொல்லலாமா? இல்ல நீங்களே வந்து சொல்றீங்களா?”

அவர் செருப்பைத் தேடினார். ஒன்று கிடைத்தது, இன்னொன்று நாற்காலிக்கு அடியில் போயிருந்தது. குனிந்து எடுத்து மாட்டிக்கொண்டு என்னோடு தெருவுக்கு வந்தார்.